எப்ராத்தாபுரத்து ஐயரின் பயம்

எப்ராத்தாபுரத்தில் சாவுக்குப் பயப்படுகிறவர் என்று ஒரே ஒருவர்தான் மிச்சம். அவர் அந்த ஊர் ஐயர். ஐயர் என்றதும் பூணூலைத் தேட வேண்டாம். திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் பாதிரியாரை இன்றைக்கும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். எஸ்றா ஐயருக்கு வயது ஐம்பத்தெட்டு. முப்பது வருஷமாகக் குழிமேட்டில் நின்று, மரணத்தின் பல்லைப் பிடுங்கியாயிற்று, இனி அது வெறும் வாய் என்று அழுத்தந்திருத்தமாகப் பிரசங்கம் பண்ணியவர். அப்படிப்பட்ட மனிதருக்குக் காலையில் பல் தேய்க்கும்போது, இந்தப் பல்லும் ஒருநாள் மண்ணுக்குள் தனியாகக் கிடக்கும் என்ற நினைப்பு வரும். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, மூச்சு சீராகும்வரை சுவரைப் பிடித்தபடி நிற்பார்.

இதை யாரிடம் போய்ச் சொல்வது? மீன் விற்கிறவன் எனக்கு மீன் வாடையே ஆகாது என்றால் சந்தை சிரிக்காதா? அவர் யாரிடமும் சொன்னதில்லை. முப்பத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்த மனைவி லேயாளிடமும் சொன்னதில்லை.

ஊர் முழுக்கப் பயம் போனது எப்படி என்று கேட்பீர்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சாந்தி ஊசி வந்தது. அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் உண்டு. சாந்தி ஊசி என்பது ஜனங்கள் வைத்த பெயர். முதலில் புற்றுநோய் முற்றிப்போய்ப் படுக்கையில் கிடந்தவர்களுக்குப் போட்டார்கள். கண்ணை மூடவே பயந்தவர்கள் குழந்தை மாதிரி தூங்கினார்கள். அதைப் பார்த்து மற்றவர்களும் கேட்க, பதினெட்டு வயதைத் தாண்டிய யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்று அரசாங்கமே கதவைத் திறந்துவிட்டது.

எப்ராத்தாபுரத்தில் ஊசி முகாம் நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்த கையோடு, சபைப் பள்ளிக்கூடத்தில். அதற்குக் காரணம் கமிட்டிச் செயலர் ஆசீர். அவர் கூட்டத்தில் எழுந்து, விசுவாசிகள் சபையில் ஒருத்தருக்கும் மரணபயம் இருக்கக் கூடாது, இருந்தால் அது நமக்கெல்லாம் வெட்கம், ஆகையால் நாமே முன்னால் நின்று முகாம் நடத்த வேண்டும் என்றார். யாரும் மறுத்துப் பேசவில்லை. எப்படிப் பேசுவது? வேண்டாம் என்றால், ஏன் வேண்டாம் என்று கேள்வி வரும். வேண்டும் என்று ஆசைப்பட்டாலும், அப்படியென்றால் உனக்குப் பயம் இருக்கிறதா என்று கேள்வி வரும். சபையே சேர்ந்து போட்டுக்கொண்டால் யாரும் யாரையும் கேட்க வேண்டாம் பாருங்கள். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

ஊசி போட வந்தவர் டாக்டர் சங்கரவடிவு அம்மாள். முகாமுக்கு முன்னால் ஐயர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, உள்ளே என்னதான் செய்கிறது இது என்று விசாரித்தார்.

“பெருசா ஒண்ணுமில்ல ஐயா. நாம ஒருநாள் இல்லாமப் போயிருவோம்னு நினைச்சா உள்ளுக்குள்ள ஒரு குளிர் அடிக்குதுல்லா? அந்தக் குளிரை மட்டும் எடுத்துருவோம். பாம்பைப் பாத்தா திடுக்குன்னு இருக்கும். கடிச்சா செத்துருவோம்ங்கிறது மட்டும் சும்மா ஒரு சேதியாத் தெரியும்.”

“வீட்ல உள்ளவங்க சாவு? அதுக்குப் பயப்படுறது?”

டாக்டர் ஊசிப் பெட்டியை மூடினார். “ரெண்டுக்கும் ஒரே அடுப்புதான் ஐயா. ஒண்ணை அணைச்சா ரெண்டும் அணைஞ்சுரும்.”

இதை ஐயர் காதாரக் கேட்டார். கேட்டும் வெளியே போய், இரண்டு கையையும் உயர்த்தி, முகாமை ஆசீர்வதித்து ஜெபம் பண்ணினார். அந்தப் பாவத்துக்கு அவர் பின்னால் எத்தனை முறை அழுதார் என்பதை நான் எண்ணவில்லை. பெண்கள் கூச்சப்படாமல் வர வேண்டும் என்று ஐயரம்மாவையே முதல் ஆளாக அறைக்குள் அனுப்பினார்கள். லேயாள் போனாள்; கொஞ்ச நேரம் கழித்துக் கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு சிரித்தபடி வந்தாள். உங்களுக்கு ஐயரே என்று ஆசீர் கேட்டபோது, ஊழியக்காரனுக்கு எதுக்குப்பா ஊசி என்று சொல்லிவிட்டார். சபை அவரை அண்ணாந்து பார்த்தது. உண்மை என்னவென்றால், அவருக்கு அந்த ஊசியைப் பார்த்தாலும் பயம். இந்தப் பயத்தை எடுத்துவிட்டால் உள்ளே வேறு ஏதாவது மிஞ்சுமா என்பதில் அவருக்குச் சந்தேகம் இருந்தது.

முதல் சில மாதம் ஊர் நன்றாகத்தான் இருந்தது. படுத்த படுக்கையான கிழவர்கள் கலகலவென்று பேசினார்கள். ஆறிலும் சாவு நூறிலும் சாவு என்பதை முன்பெல்லாம் பெருமூச்சு விட்டுச் சொல்வார்கள். இப்போது டீக்கடையில் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. ஹெல்மெட்டை யாரும் தொடவில்லை. சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாம் அலமாரியில் தூசி படிந்தன. நாற்கரச் சாலையை வரப்பைக் கடக்கிற மாதிரி கடந்தார்கள். கைப்பிள்ளைக்குக் காய்ச்சல் கொதித்தால் தாய் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சரியாயிரும் என்று சொல்லி அடுப்படிக்குப் போனாள். வருஷத்துக்கு எட்டு ஒன்பது அடக்கம் நடந்த ஊரில் மாதத்துக்கு மூன்று நடந்தது. அழுகைச் சத்தம் மட்டும் கேட்கவில்லை.

ஐயர் தன் பயத்தை எடுத்துக்கொண்டு எபிரேய வேதத்துக்குள் போய் ஒளிந்தார். வேதசாஸ்திரக் கல்லூரியில் எபிரேயம் படித்து, அதை மறக்காமல் வைத்திருந்தவர் அந்த வட்டாரத்தில் அவர் ஒருவர்தான். எருசலேமில் ஆண்ட ஒரு பழைய அரசன் பேசுகிற பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தார். அந்த அரசன் மாளிகை கட்டிப் பார்த்தான், தோட்டம் போட்டுப் பார்த்தான், குடித்துப் பார்த்தான், படித்தும் பார்த்தான். கடைசியில், மாட்டுக்கு வருகிற சாவுதான் எனக்கும் வருகிறது, அதன் மூச்சும் என் மூச்சும் ஒன்றுதான் என்று உட்கார்ந்துவிட்டான். மாயை என்று தமிழில் படிக்கிற இடத்தில் எபிரேயத்தில் இருப்பது வெறும் ஆவி, மார்கழிக் காலையில் வாயிலிருந்து வந்து கலைகிறதே, அது. இவ்வளவு கசந்து பேசுகிறவன் அடுத்த மூச்சிலேயே, போய் உன் அப்பத்தைச் சந்தோஷமாகச் சாப்பிடு, உனக்குப் பிரியமான மனைவியோடு இருக்கிற நாளெல்லாம் இரு என்கிறான். இவனும் நம்மளை மாதிரிதான், நடுங்கிக்கொண்டே எழுதியிருக்கிறான் என்று ஐயருக்குத் தோன்றியது. அந்தத் துணை அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

அதே பகுதியைப் புதன்கிழமை வேதபாடத்தில் எடுத்துச் சொன்னார். நாளை காலை ஒன்பது முதல் ஐந்து வரை மின்தடை என்று அறிவித்தால் எப்படிக் கேட்பார்களோ அப்படிக் கேட்டார்கள். நல்லா இருந்தது ஐயரே என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்கள்.

ஆவணி மாதத்தில் பாக்கியத்தாயின் மகன் ஜெபராஜ் செத்துப்போனான். இருபத்து நான்கு வயது. காற்றாலையில் பழுது பார்க்கிற வேலை. இடுப்பில் பெல்ட் மாட்டாமல் உச்சிக்கு ஏறியிருக்கிறான். கீழே நின்ற கூட்டாளிகள் யாரும் மாட்டச் சொல்லவில்லை; யாருக்கும் தோன்றவில்லை. ஐயர் ஞானஸ்நானம் கொடுத்த பிள்ளை அவன்.

துக்க வீட்டுக்குப் போனால் பந்தலின் கீழ் நாற்காலி போட்டு ஜனங்கள் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பாக்கியத்தாய் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, மகன் முகத்தில் உட்கார்ந்த ஈயை விசிறியால் ஓட்டிக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றுமில்லை. விருந்து வீட்டைவிடத் துக்க வீட்டுக்குப் போவது நல்லது, உயிரோடிருக்கிறவன் அங்கேதான் தன் முடிவை மனதில் வைப்பான் என்று அந்த அரசன் ஓரிடத்தில் சொல்கிறான். இங்கே எவன் மனதில் வைத்தான்? ஐயருக்கு ஈரக்குலை நடுங்கியது. செத்துக் கிடந்தவனைப் பார்த்தல்ல, சுற்றி உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து. ஜெபப் புத்தகத்தைத் திறந்து வாசிக்கத் தொடங்கியவர் ஒரே பக்கத்தை இரண்டு தடவை வாசித்தார்.

“ஐயரே, கை ஏன் இப்படி ஆடுது? காப்பி கொண்டாரச் சொல்லட்டுமா?” என்றாள் பாக்கியத்தாய், வெகு பிரியமாக.

சர்க்கரை கூடிவிட்டது தாயி என்று சமாளித்தார். திரும்பும்போது லேயாள் வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு அவர் கூடவே நடந்தாள். இவளுக்கும் அது வெறும் சேதிதான் என்று அவர் நினைத்துக்கொண்டார். நான் செத்தாலும் இவள் இப்படித்தான் விசிறியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்தபோது, நடுத்தெருவில் வெயிலில் அவருக்கு உடம்பெல்லாம் சில்லிட்டது.

அதற்கடுத்த வாரம் கொடியில் துணி எடுக்கப் போனவர், லேயாளின் ஜாக்கெட்டில் இடது மார்புப் பக்கம் ஒரு கறையைப் பார்த்தார். சோப்புப் போட்டுக் கசக்கியும் போகாத பழுப்பு. மறுநாள் இன்னொன்றில் பார்த்தார். கேட்டதற்கு, உண்ணிக்கடி என்றாள் அவள். மூன்றாம் நாள் அவர் விடவில்லை. கடைசியில், ஒரு கட்டி இருக்கு, ஆறு மாசமா இருக்கு, அதுக்கென்ன இப்ப என்று சொல்லிவிட்டு முருங்கைக்கீரை உருவப் போய்விட்டாள்.

ஆறு மாதம்! அவளுடைய அக்கா இதே கட்டியில்தான் போனாள். அது லேயாளுக்குத் தெரியாதா? ஐயர் கெஞ்சினார், கோபப்பட்டார், இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தார். பாத்துக்கலாங்க, பண்டிகை முடியட்டும் என்று அவள் ஒரே பதிலைச் சிரித்த முகத்தோடு சொன்னாள். அந்தச் சிரிப்பைக் கண்டால் அவருக்கு வெறி பிடித்தது. வழக்காடுவதற்குக்கூட அவளுக்குள் ஆள் இல்லையே! கட்டியைப் பார்த்துப் பதற வேண்டியவளைத் தானே ஆசீர்வதித்து அந்த அறைக்குள் அனுப்பினோமே என்று தலையில் அடித்துக்கொண்டார். நாயானாலும் உயிரோடிருப்பது செத்த சிங்கத்தைவிட மேல் என்று படித்துப் படித்து, உயிரோடிருக்கிறவளிடம் அதைச் சொல்லத் தெரியவில்லை அவருக்கு.

வெள்ளிக்கிழமை காலை பஸ் பிடித்து டாக்டர் சங்கரவடிவின் ஆஸ்பத்திரிக்குப் போனார். லேயாளின் கட்டியைப் பற்றிச் சொல்லி, உள்ளே போன ஊசி மருந்தைத் திருப்பி எடுக்க வழி உண்டா, பயத்தைத் திரும்ப வரவழைக்க மாற்று மருந்து உண்டா என்று கேட்டார். எனக்கு என் சபை வேண்டாம், என் பெண்டாட்டியை மட்டும் பயப்பட வையுங்கள் என்று சொல்லும்போது, வேஷ்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டாக்டர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“இதை நான் சொல்லக் கூடாது ஐயா. ஆனா கட்டின்னு சொல்லுதீக. சொல்லாம இருந்தா அதைவிடப் பெரிய தப்பு. ஐயரம்மாவுக்கு நான் ஊசி போடவேயில்ல.”

“என்னம்மா சொல்லுதீங்க? பஞ்சை அழுத்திக்கிட்டு வந்தாளே.”

“பஞ்சு மட்டுந்தான் குடுத்தேன். நாற்காலியில உக்காந்து, கையை நீட்டிட்டு, திரும்ப இழுத்துக்கிட்டாங்க. எங்க அக்கா செத்ததுலேருந்து எனக்குச் சாவுன்னாலே தாங்காது, ஆனா இந்தப் பயமும் போயிருச்சுன்னா அவரு சட்டையைத் தோய்க்கும்போது எனக்கு என்ன தோணும்னு தெரியலையேம்மான்னு அழுதாங்க. ஐயருக்கு விசுவாசம் ஜாஸ்தி, அவருக்குத் தெரிஞ்சா கேவலமா நினைப்பாரு, சொல்லிராதீங்கன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.”

ஐயருக்கு அப்போதுதான் விளங்கியது. அவள் பதறாமல் இருந்தது பயமில்லாததால் அல்ல. பயந்து பயந்து, பரிசோதனைச் சீட்டில் என்ன வந்துவிடுமோ என்ற நடுக்கத்தில் ஆஸ்பத்திரிப் பக்கமே தலைவைத்துப் படுக்காமல் இருந்திருக்கிறாள். சிரித்தது முழுக்க நடிப்பு. தினமும் காலையில் தண்ணீர்ச் செம்புக்குப் பக்கத்தில் அவருடைய பிரஷர் மாத்திரையை எடுத்து வைத்தவள் அவள்தான். ஊரில் வேறு எந்த வீட்டிலாவது அதைச் செய்தார்களா என்று இவர் ஒருநாள் யோசித்திருந்தால் போதும். ஆண்பிள்ளைகளுக்கு இதெல்லாம் கண்ணில் படுமா? ஒரே கூரையின் கீழ், ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியாமல், இரண்டு பேர் இரண்டு வருஷமாகத் தனித்தனியாக நடுங்கியிருக்கிறார்கள்.

பஸ்ஸில் வரும்போது அந்த அரசன் சொன்ன இன்னொன்று ஐயர் நினைவுக்கு வந்தது. ஒருவனாகப் படுத்தால் எப்படிக் குளிர் போகும், இரண்டு பேராகப் படுத்தால்தானே சூடு உண்டாகும் என்று கேட்கிறான். கல்யாணம் நடத்தி வைக்கும்போதெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லி அவருக்கு மனப்பாடம். இவ்வளவு காலம் அதைச் சொன்ன வாயைக் கழுவ வேண்டும் போலிருந்தது.

வீட்டுக்கு வந்தபோது மத்தியானம். லேயாள் அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தார். டாக்டரைப் பார்த்ததைச் சொல்லவில்லை. எடுத்தவுடன் அதைச் சொன்னால் அவள் வெட்கத்திலேயே செத்துவிடுவாள் என்று அவருக்குத் தோன்றியது.

“லேயா, எனக்குச் சாகப் பயமா இருக்கு,” என்றார். “சின்னப் பிள்ளையிலேருந்தே பயம். ஒவ்வொரு அடக்கத்துக்கும் போயிட்டு வந்து குளியலறையில நின்னு நடுங்குவேன். நீ போயிருவியோன்னு அதைவிடப் பயமா இருக்கு. எனக்கு விசுவாசம் இல்லன்னா இல்லன்னு இருக்கட்டும். யாருகிட்டயும் சொன்னதில்ல. உங்கிட்ட சொல்லுதேன்.”

லேயாளின் கை அரிசித் தண்ணீருக்குள்ளேயே நின்றுவிட்டது. அவள் முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அதற்கடியில் இருந்த முகத்தை ஐயர் அன்றைக்குத்தான் பார்த்தார். ஆறு மாதமாகத் தூங்காத முகம்.

“நான் ஊசி போட்டுக்கலங்க,” என்றாள். பிறகு அழுதாள். அவரும் அழுதார். இரண்டு வருஷமாக அழுகைச் சத்தம் கேட்காத தெருவில் அடுத்த வீட்டுக்காரி மதில்மேல் எட்டிப் பார்த்துவிட்டு, என்ன சத்தம் இது என்று விளங்காமல் போனாள்.

நாளைக்குப் போவோமா என்று லேயாள் கேட்டாள். இப்பவே போவோம் என்றார். களைந்த அரிசியை அப்படியே மூடி வைத்துவிட்டு, ஊரில் ஆட்டோ வைத்திருந்த ஆசீரைக் கூப்பிடாமல், அடுத்த ஊர்க்காரன் ஆட்டோவில் ஏறி மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஓட்டுநர் இரண்டு லாரிகளுக்கு நடுவே ஒரு கையால் ஓட்டிக்கொண்டு போனான். இருவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரிக்கு வந்து இறங்கினார்கள். வாசலில் ஒரு ஆம்புலன்ஸ் பின்கதவு திறந்தபடி நின்றது. உள்ளே ஆள் படுத்திருக்க, தள்ளுவண்டிக்காரர்கள் இருவரும் பக்கத்தில் நின்று வடையைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள். மார்பைப் பிடித்துக்கொண்டு வந்த ஒருவர் வரிசையில் ஏழாவதாக நின்று, தன் முறைக்காகச் சாவகாசமாகக் காத்திருந்தார். ஓடுகிறவர்கள் யாரும் இல்லை. உரத்துக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இல்லை. அவ்வளவு பெரிய கட்டடத்தில் வேகமாக நடந்தவர்கள் இவர்கள் இருவர்தான். எல்லோரும் இவர்களை வேடிக்கை பார்த்தார்கள்.

ஸ்கேன் அறையில் முப்பது வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டையில் மேரி சாந்தா என்று பெயர் குத்தியிருந்தது. இயந்திரம் அணைந்து கிடந்தது.

திங்கக்கிழமை வாங்களேன், அப்படி என்ன அவசரம் என்றாள், முகத்தை நிமிர்த்தாமல்.

ஐயர் வாயைத் திறப்பதற்குள் லேயாள் அவரைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். பத்துப் பேர் நடுவே சத்தமாகப் பேசி அவளை யாரும் பார்த்ததில்லை.

“எனக்குச் சாகப் பயமா இருக்கும்மா,” என்றாள். “எங்க அக்கா இதுலதான் போனா. திங்கக்கிழமை வரைக்கும் என்னால முடியாது. இப்பவே பாரு.”

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த மாதிரி வார்த்தையை அவர்கள் கேட்டு வெகுநாளாயிற்று. யாரோ லேசாகச் சிரித்தார்கள். அந்தப் பெண் செல்போனைக் கீழே வைத்தாள். லேயாளைப் பார்த்தாள், ஐயரைப் பார்த்தாள், பிறகு எழுந்து வந்து இருவரையும் உள்ளே இழுத்துக் கதவைத் தாழ் போட்டாள்.

“மெதுவாச் சொல்லுங்கக்கா,” என்றாள். “எனக்கும் பயந்தான். வெளிய தெரிஞ்சா எங்கூட யாரும் சேர்ந்து உக்காந்து சாப்பிட மாட்டாங்க.”

அவள் இயந்திரத்தைப் போட்டாள். லேயாளைப் படுக்க வைத்து, மார்பில் களிம்பைத் தடவி, கருவியை வைத்துத் திரையைப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. தன் முகம் மாறியதை அவள் மறைக்கவில்லை. லேயாள் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு கணவன் கையைத் தேடினாள். ஐயர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நான் போய்ப் பெரிய டாக்டரைக் கூட்டிட்டு வாரேன் என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் கதவைத் திறந்தாள். நீண்ட தாழ்வாரத்தில் அத்தனை பேரும் வேடிக்கை பார்க்க, செருப்பு ஒரு பக்கம் கழன்று விழ, அவள் ஓடினாள்.